எதை விற்பது என்பதற்கு முன், யாருக்கு விற்பது?

கேள்வி: எனக்கு வயது 38. தையல் நன்றாகத் தெரியும். அக்கம்பக்கத்தாருக்கு பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். இன்ஸ்டாகிராமில் புடவை விற்கலாம் என்று ஆசை. ஆனால் எங்கே பார்த்தாலும் புடவைதான் விற்கிறார்கள். ‘லாபம் தரும் நிஷ் மார்க்கெட்டை (குறிப்பிட்ட ஒரு சிறு வாடிக்கையாளர் கூட்டத்துக்கான சந்தையை) நாங்களே கண்டுபிடித்துத் தருகிறோம்’ என்று ஓர் ஆன்லைன் வகுப்பில் 15,000 ரூபாய் கேட்கிறார்கள். சேரலாமா? மகளை பரதநாட்டிய வகுப்பில் விட்டுக் கூட்டி வருவதிலேயே மாலைப் பொழுது போய்விடுகிறது. மிச்ச நேரத்தில் செய்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வில்லிவாக்கம், சென்னை

பதில்: அன்புச் சகோதரிக்கு, அந்த வகுப்பில் சேர வேண்டாம். பணம் கட்டிய அத்தனை பேருக்கும் ஒரே பட்டியலைக் கொடுத்தால், மறு மாதமே அத்தனை பேரும் ஒரே சரக்கோடு வந்து நிற்பார்கள். புடவை வியாபாரத்தில் இப்போது நடப்பதும் இதுதான். ஒரே மொத்த வியாபாரி அனுப்பும் ஒரே போட்டோவைப் பல பேர் தங்கள் பக்கத்தில் போடுகிறார்கள். வாங்குபவர் நாலு பக்கம் பார்த்துவிட்டு, ஐம்பது ரூபாய் குறைவாகச் சொன்னவரிடம் போகிறார். அங்கே உங்கள் தையல் திறமைக்கு வேலையே இல்லை.

உங்கள் கேள்விக்கான பதில் உங்கள் கடிதத்தின் கடைசியிலேயே இருக்கிறது. வாரா வாரம் நாட்டிய வகுப்பு வாசலில் காத்திருக்கிறீர்கள். அங்கே வரும் பிள்ளைகளுக்கு அளவெடுத்துப் பயிற்சி உடை தைத்து விற்கலாம். முதலில் உங்களோடு காத்திருக்கும் அம்மாக்களிடம் பேச்சுக் கொடுங்கள். பிள்ளைகளின் பயிற்சி உடையை எங்கே வாங்கினார்கள், எத்தனை மாதம் தாங்கியது, என்ன குறை என்று கேளுங்கள். அரைமண்டியில், அதாவது முழங்காலை வெளிப்பக்கம் மடக்கிப் பாதி உட்காரும்போது தையல் விட்டுப்போவது, ஒரு சலவைக்கே பைஜாமா கணுக்காலுக்கு மேல் ஏறிவிடுவது, குண்டான பிள்ளைக்கும் ஒல்லியான பிள்ளைக்கும் ரெடிமேட் அளவு பொருந்தாதது என்று ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள். மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் நாட்டிய உடைக் கடைகள் இருக்கின்றன. ஆனால் ஆவடியிலிருந்தோ திருவள்ளூரிலிருந்தோ ஒரு பைஜாமா மாற்ற அங்கே போய் வர அரை நாள் ஆகும். வளரும் பிள்ளை என்பதால் அடுத்த வருடமும் புது உடை வேண்டும். ஒரு தடவை திருப்தியாக வாங்கியவர் திரும்ப வருவார் என்பதுதான் இந்த வேலையில் எனக்குப் பிடித்த விஷயம்.

வகுப்பு வாசலில் கேட்டதை ஆன்லைனிலும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கூகுளிலும் யூடியூபிலும் ‘பரதநாட்டியம் பயிற்சி உடை’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் அடித்தால், கீழே தானாக வரும் வரிகள் மற்றவர்கள் தேடியதை ஒட்டி வருபவை. கூகுள் ட்ரெண்ட்ஸில் எந்த மாதம் தேடல் ஏறுகிறது என்று இலவசமாகப் பார்க்கலாம். பெரிய விற்பனைத் தளங்களில் இதே உடைக்கு வந்திருக்கும் ஒரு ஸ்டார், இரண்டு ஸ்டார் விமர்சனங்களை உட்கார்ந்து படியுங்கள். எந்தக் குறையை நீங்கள் சரிசெய்ய வேண்டும் என்பது அங்கே அப்பட்டமாக எழுதியிருக்கும். ஏற்கெனவே நாலு பேர் விற்கிறார்களே என்று பயப்படாதீர்கள். யாருமே விற்காத பொருளைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஒருவேளை அதை வாங்கவே ஆள் இல்லாமல் இருக்கலாம்.

அப்புறம், சரக்கை வாங்கிக் குவிக்காதீர்கள். மகள் அளவில் ஒன்று தைத்து, அவள் உட்கார்ந்து எழுந்து ஆடும்போது வீடியோ எடுங்கள். துணியை முதலில் நனைத்துக் காயவைத்துவிட்டு வெட்டுகிறீர்கள் என்பதையும் அதில் காட்டுங்கள். சுருங்கிப்போன உடையால் நொந்த அம்மாக்களுக்கு அது சட்டென்று புரியும். இடுப்பு, தொடை, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை, இந்த மூன்றையும் இஞ்ச் டேப்பில் எப்படி எடுப்பது என்று ஒரு நிமிட வீடியோ தனியாகப் போடுங்கள். தவறான அளவில் தைத்த உடையை வேறு யாருக்கும் விற்க முடியாது. அந்த வீடியோதான் உங்கள் நஷ்டத்தைக் குறைக்கும். ஆர்டருக்குப் பாதிப் பணத்தை யுபிஐயில் முன்பணமாக வாங்குங்கள். ‘நல்லா இருக்கே’ என்று சொல்பவர்களை எண்ண வேண்டாம், முன்பணம் அனுப்பியவர்களை எண்ணுங்கள். அவர்கள் எண்ணிக்கை பத்தைத் தொடவில்லை என்றால் துணியையோ விலையையோ மாற்றிப் பாருங்கள்.

விலையைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும், வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். உதாரணத்துக்கு, துணி 500, எலாஸ்டிக், நாடா, நூல் 60, பேக்கிங் 30, கூரியர் 90, ஆக 680 ரூபாய். ‘மற்றவர்கள் 900-க்குத் தருகிறார்கள்’ என்று நீங்களும் அதே விலைக்குக் கொடுத்தால், ஐந்து மணி நேரத் தையலுக்கு மிஞ்சுவது 220 ரூபாய். மணிக்கு 44. உங்கள் கைவேலைக்கு இது கூலியா? உங்கள் நேரத்தையும், திரும்பி வரும் உடையை மாற்றித் தைக்கும் செலவையும் சேர்த்து 1,300 சொல்லுங்கள். அளவெடுத்துத் தைத்ததற்கு அந்த விலை நியாயமானது. அதை நம்பிக் கொடுப்பவர்தான் உங்கள் வாடிக்கையாளர்.

யூடியூப் விளம்பர வருமானத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்கள் வேண்டும், அதோடு 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையோ, 90 நாளில் ஷார்ட்ஸ் என்ற குறு வீடியோக்களுக்கு ஒரு கோடி பார்வைகளோ வேண்டும். இருபது அம்மாக்கள் மட்டுமே பார்த்து, அதில் மூன்று பேர் ஆர்டர் கொடுத்தாலும் உங்களுக்கு அந்த வீடியோ லாபம்தான்.

சட்ட விஷயம் கொஞ்சம். தமிழ்நாட்டுக்குள் மட்டும் நேரடியாகப் பொருள் விற்றால், ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. வெளிமாநிலத்துக்கு அனுப்பினால், கைவினைப் பொருள் போன்ற சில விலக்குகள் தவிர, விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு வேண்டும். அதனால் முதலில் தமிழ்நாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு, அரசின் தளத்தில் இலவசம். பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் இல்லை.

விஜயதசமிக்குப் புதுப் பிள்ளைகள் வகுப்பில் சேர்வார்கள், கோடை விடுமுறையிலும் கூட்டம் வரும். விஜயதசமிக்கு ஆறு வாரம் முன்பே அளவு வீடியோ தயாராக இருக்கட்டும். முதல் பத்து உடைகள் போய்ச் சேர்ந்ததும், எத்தனை திரும்பி வந்தன, எந்த வயதுப் பிள்ளைகளுக்கு அதிகம் கேட்டார்கள் என்று எழுதுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்புவதைப் பற்றி அப்போது பேசலாம்.