கீமோ எடுத்த குழந்தை ஏன் தடுமாறுகிறது? பிசியோதெரபிஸ்ட் பதில்கள்

கேள்வி: மகனுக்கு ஆறு வயது. ஏ.எல்.எல். ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து போய்க்கொண்டிருக்கிறது. நடந்தால் பாதம் 'பட் பட்'டென்று தரையில் அடிக்கிறது, சமதரையிலேயே இடறி விழுகிறான். சத்துக் குறைவா?
(திண்டுக்கல்லிலிருந்து ஓர் அம்மா)

பதில்: சத்துமாவைக் கூட்டும் முன் அவன் பாதத்தைப் பாருங்கள் அம்மா. ஏ.எல்.எல். சிகிச்சையில் திரும்பத் திரும்பப் போடும் வின்கிறிஸ்டின் ஊசி நரம்பைப் பாதிக்கும். உடம்பிலேயே நீளமான நரம்புகள் காலுக்குப் போகிறவை. அடி அங்கேதான் முதலில் தெரியும். முன்பாதத்தைத் தூக்கும் தசை சோர்ந்து, கட்டைவிரல் தரையில் தட்டும்.

குதிகாலில் மட்டும் நாலு எட்டு நடக்கச் சொல்லுங்கள். முன்பாதம் எழும்பாவிட்டால், அடுத்த ஊசிக்கு முன்பே புற்றுநோய் டாக்டரிடம் சொல்லுங்கள். பூஞ்சைத் தொற்றுக்கு மாத்திரை எடுத்தால் அதையும் சொல்லுங்கள். அவற்றில் சில வின்கிறிஸ்டினின் பாதிப்பைக் கூட்டும். ஊசியை நீங்களாகத் தள்ளிப்போடவே கூடாது.

வீட்டில் முதல் வேலை கெண்டைக்கால். அது இறுகினால் பையன் நுனிக்காலில் நடக்க ஆரம்பிப்பான், பிறகு இளக்குவது பெரும்பாடு. காலை நீட்டி உட்காரவைத்து, பாதத்தில் துண்டை மாட்டி மெல்லத் தன் பக்கம் இழுக்கட்டும். 30 வினாடி பிடித்து விட வேண்டும். ஒரு காலுக்கு மூன்று முறை, காலையும் மாலையும். வலிக்க இழுக்கக் கூடாது. அப்புறம் விளையாட்டு: கால்விரலால் கோலிக்குண்டு பொறுக்குவது, குதிகால் ஊன்றியபடி பாட்டுக்கு முன்பாதத்தால் தாளம் போடுவது, தரையில் இழுத்த சாக்பீஸ் கோட்டின்மேல் அடிமேல் அடி வைத்து நடப்பது. இதெல்லாம் பழகியபின் ஒற்றைக் காலில் நிற்கலாம். அதன்பிறகுதான் பாண்டி. இரவில் பாதத்தை நிமிர்த்திப் பிடிக்கக் கட்டும் ஸ்ப்ளின்ட் தேவையா என்பதை நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கேள்வி: என் மகளுக்குப் பாதம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தரையிலிருந்து எழ கையூன்றுகிறாள்.

பதில்: அது பெரும்பாலும் ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் சேர்த்துத் தரும் ஸ்டீராய்டு மருந்தின் வேலை, தொடை, இடுப்புத் தசைகள் இளைத்துவிடும். உயரமான ஸ்டூலிலிருந்து கை வைக்காமல் எழுந்து உட்காரச் சொல்லுங்கள், போகப்போக உயரத்தைக் குறையுங்கள். இடுப்போ முட்டியோ வலிக்கிறது என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். ஸ்டீராய்டால் எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவதுண்டு, பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்குக் கூடுதலாக.

கேள்வி: சிறுமூளைக் கட்டி எடுத்த ஒன்பது வயதுப் பெண். காலை அகட்டி வைத்துத் தள்ளாடுகிறாள். தசைக்கு மசாஜ் செய்யலாமா?

பதில்: தசையில் கோளாறில்லை, அசைவை ஒழுங்குபடுத்தும் சிறுமூளையில்தான் சிக்கல். மசாஜ் சுகமாக இருக்கும், நடையைத் திருத்தாது. முதலில் முட்டிபோட்டு நிற்கட்டும், அந்த நிலையிலேயே பந்து பிடிக்கட்டும். பிறகு சுவரோரம் நின்று, விழப்போனால் மட்டும் கைவைத்தால் போதும். நீங்கள் கையை இறுகப் பிடித்தபடியே நடத்தினால் சமநிலையை அவள் கற்கவே மாட்டாள். மாதக்கணக்கில் ஆகும். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து கொடுத்திருந்தால் காதுப் பரிசோதனையும் அவசியம். அது கேட்கும் திறனோடு உள்காதின் சமநிலை உறுப்பையும் பாதிக்கலாம்.

கேள்வி: பிளேட்லெட் குறைந்த நாளில் என்ன செய்வது?

பதில்: ரத்தத்தை உறையவைக்கும் இந்த அணுக்கள் பொதுவாக 50,000-க்குக் கீழே இருந்தால் ஓட்டம், குதிப்பு, மோதும் விளையாட்டு வேண்டாம். 20,000-க்குக் கீழே என்றால் உங்கள் டாக்டர் அனுமதிப்பதை மட்டும். காய்ச்சல் நாளில் எதுவுமே வேண்டாம்.

கேள்வி: "நோய்ப்பிள்ளையை ஓடவிடாதே" என்கிறார் மாமியார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இதயத்தை ஸ்கேன் செய்த எக்கோ ரிப்போர்ட்டைக் கேளுங்கள்! டாக்ஸோரூபிசின் வகை கீமோ மருந்து இதயத்தைத் தளர்த்தக்கூடும். இதயம் நன்றாக இருந்து டாக்டரும் சரி என்றால், படுத்தே கிடப்பதுதான் கெடுதல். பிள்ளைகளுக்கு அன்றாடம் 60 நிமிட அசைவு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். உங்கள் பிள்ளை ஐந்தைந்து நிமிடமாகத் தொடங்கட்டும். பாட்டியையே பல்லாங்குழியோடு தரையில் உட்காரவையுங்கள். உட்கார்ந்து எழுவதே பயிற்சி.

கேள்வி: எலும்புப் புற்றுநோய்க்கு முட்டியில் உலோக மூட்டு வைத்திருக்கிறார்கள். கிரிக்கெட் ஆடலாமா சார்? வயது 15.

பதில்: ஓடுவதும் குதிப்பதும் அந்த மூட்டைத் தளர்த்திவிடும் தம்பி. நடை, சைக்கிள், காயம் ஆறியபின் நீச்சல், இவை பொதுவாகச் சரி. நின்ற இடத்தில் பேட் பிடித்து, ரன் ஓட வேறொரு பையனை வைத்துக்கொள்ளலாமா என்று சர்ஜனிடம் கேட்டுப் பார்.