பழைய ஹேண்டிகேம் வீடியோவை ப்ரொஜெக்டரில் போட்டால் அசையும் இடமெல்லாம் கோடு கோடாகத் தெரிகிறது. எப்படிச் சரிசெய்வது?

எங்கள் வீட்டிலும் இதே பிரச்சினை வந்தது. 2010-இல் தாத்தாவின் சதாபிஷேகத்தை ஹேண்டிகேமில் எடுத்திருந்தேன். ப்ரொஜெக்டர் வாங்கியதும் முதலில் அதைத்தான் போட்டோம். தாத்தா மணையில் உட்கார்ந்திருந்தவரை படம் பளிச்சென்று இருந்தது. கூடத்து ஊஞ்சலில் அக்கா மகள் ஆட ஆரம்பித்ததும், சங்கிலியின் இரண்டு ஓரத்திலும் சீப்புப் பல் மாதிரி கோடுகள்.

கவலைப்படாதீர்கள், கோப்பு கெட்டுப்போகவில்லை. உங்கள் வீடியோ 1080ஐ (1080i) என்ற வகையாக இருக்கும். அதில் வரும் 'ஐ' இன்டர்லேஸை, அதாவது ஒரு வரி விட்டு ஒரு வரியாகப் பதிவு செய்வதைக் குறிக்கிறது. நம் ஊரில் விற்ற அந்தக் காலத்து எச்டி கேமராக்கள் பெரும்பாலும் நொடிக்கு 50 அரைப்படங்களைப் பதிவு செய்தன. ஒன்றில் ஒற்றைப்படை வரிகள் 540, அடுத்ததில் இரட்டைப்படை வரிகள் 540. இரண்டுக்கும் நடுவே 1/50 நொடி இடைவெளி. பழைய குழாய் டிவி அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வரைந்ததால் கண்ணுக்கு உறுத்தவில்லை. ப்ரொஜெக்டரோ 1080 வரியையும் ஒன்றாகக் காட்டுகிறது. அந்த 1/50 நொடியில் சங்கிலி நகர்ந்துவிட்டதே, அதுதான் சீப்புப் பல். 100 அங்குலத் திரையில் ஒரு புள்ளியே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். லேப்டாப்பில் கவனிக்காதது அங்கே அப்பட்டமாகத் தெரியும்.

முதலில் எதையும் மாற்றாமல் பார்த்துவிடுங்கள். பென் டிரைவை நேராக ப்ரொஜெக்டரில் செருகாமல், லேப்டாப்பை எச்டிஎம்ஐ வழியாக இணைத்து விஎல்சி (VLC) பிளேயரில் ஓட்டுங்கள். வீடியோ மெனுவில் டீஇன்டர்லேஸை (அரைப்படங்களை முழுப்படமாக்கும் வசதி) ஆன் செய்து, முறையில் 'யாடிஃப் 2எக்ஸ்' (Yadif 2x) தேர்ந்தெடுங்கள். அந்த 2எக்ஸ் முக்கியம். ஒவ்வொரு அரைப்படத்தையும் ஒரு முழுப்படமாக்கி, நொடிக்கு 50 படம் தரும். வெறும் யாடிஃப் என்றால் 25 படம்தான், அசைவில் பாதி போய்விடும். நான் முதலில் ஒரு கடையில் கொடுத்து மாற்றி வாங்கினேன். கோடு போயிருந்தது, ஆனால் 25 படமாக்கிவிட்டதால் ஊஞ்சல் தத்தித் தத்தி ஆடியது. அதைப் பார்க்க எனக்கு மனசே வரவில்லை.

இன்னொன்று, லேப்டாப்பின் ரெஃப்ரெஷ் ரேட், அதாவது திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பது, வழக்கமாக 60 ஹெர்ட்ஸில் இருக்கும். டிஸ்பிளே செட்டிங்கில் 50 என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் கேமராவை மெல்லத் திருப்பிய இடங்களில் படம் லேசாக இடறும்.

கோப்பையே நிரந்தரமாக மாற்ற வேண்டுமென்றால் ஹேண்ட்பிரேக் (HandBrake) என்ற மென்பொருள் இலவசம். டீஇன்டர்லேஸில் 'பாப்' (Bob) தேர்ந்தெடுத்து, ஃபிரேம் ரேட்டை 50 என்று கான்ஸ்டன்ட்டாக வையுங்கள். வீடியோ வடிவம் எச்.264, தர அளவான ஆர்எஃப் (RF) 18 போதும். உங்களுடையது 720பி ப்ரொஜெக்டராக இருந்தாலும் படத்தைச் சின்னதாக்கிவிட்டு டீஇன்டர்லேஸ் செய்யக் கூடாது. இரண்டு அரைப்படமும் ஒன்றோடொன்று கலந்துபோனால் அப்புறம் பிரிக்கவே முடியாது.

மாற்றியபின் அசைவு இரண்டடி முன்னே, ஓரடி பின்னே என்று துள்ளினால் ஃபீல்ட் வரிசை, அதாவது அரைப்படங்கள் வரும் முறை, தவறியிருக்கிறது. எச்டி கேமராக்களின் பதிவு வகைகளான எச்டிவி (HDV), ஏவிசிஎச்டி (AVCHD) இரண்டிலும் பொதுவாக மேல் வரியில் தொடங்கும் அரைப்படம்தான் முதலில் வரும், பழைய டி.வி. (DV) கேமரா டேப்பில் கீழ் வரி அரைப்படம். ஆட்கள் எல்லாரும் ஒல்லியாகத் தெரிந்தால் அது 1440 x 1080-இல் பதிவான வீடியோ. 16:9 விகிதம் என்று சொல்லிக்கொடுத்தால் சரியாகிவிடும்.

முதலில் ஊஞ்சல் மாதிரி வேகமாக அசையும் ஒரு நிமிடத்தை மட்டும் மாற்றி, திரையில் போட்டுப் பாருங்கள். திருப்தியானால் மீதியை மாற்றலாம். கேமராவிலிருந்து வந்த மூல எம்டிஎஸ் (.MTS) கோப்புகளை மட்டும் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். நான் இரண்டு ஹார்டு டிஸ்கில் வைத்திருக்கிறேன், ஒன்று அக்கா வீட்டில் இருக்கிறது.