பிரஷ்ஷை மாற்றுங்கள், அதற்கு முன் சர்க்கரையைப் பாருங்கள்

கேள்வி: வயது 46. மண்டபம் பக்கம் இருக்கிறோம். ஆறு மாதமாகப் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. பனங்கிழங்கு கடித்தால் கீழ் முன்பல் ஒன்று ஆடுகிறது. இந்த வருடம் இரண்டு முறை ஈறு வீங்கிச் சீழ் வைத்தது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டதும் அடங்கிவிட்டது. என் அம்மாவுக்கு ஐம்பது வயதுக்குள் எல்லாப் பல்லும் விழுந்துவிட்டன. நெட்டில் பார்த்தால் ரத்தப் புற்றுநோய் என்கிறார்கள். ஹார்டு பிரஷ் வாங்கி, கரித்தூளும் உப்பும் போட்டு அழுத்தித் தேய்க்கிறேன். ரத்தம் வரும் இடத்தை மட்டும் தொடுவதில்லை. எந்த பிரஷ் நல்லது? எங்கள் ஊர் உப்புத் தண்ணீர்தான் காரணமா? என் மகனின் பல்லில் உள்ள பழுப்புக் கோடுகள் போகுமா?

பதில்: ரத்தப் புற்றுநோய் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். அந்த நோயிலும் ஈறு கசியலாம்தான். ஆனால் கூடவே விடாத காய்ச்சல், உடல் வெளுப்பு, அடிபடாமலே தோலில் ரத்தத் திட்டு என்று ஏதாவது வந்து நிற்கும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. இரவு பதினொரு மணிக்குக் கைபேசியில் தேடினால் எல்லா நோயும் புற்றுநோயாகத்தான் முடியும்.

எனக்குக் கவலை தருவது ஆடும் பல்லும், திரும்பத் திரும்ப வரும் சீழும். நாற்பது தாண்டியவருக்கு இவை இரண்டும் சேர்ந்து வந்தால், ஈறு நோய் பல்லைத் தாங்கும் எலும்பு வரை இறங்கியிருக்கலாம். பின்னால் சர்க்கரை நோய் ஒளிந்திருக்கவும் வாய்ப்புண்டு. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் ஈறில் கிருமிக்குக் கொண்டாட்டம். ஈறு புண்ணாகவே இருந்தால் சர்க்கரை கட்டுப்பட மறுக்கும். இந்த வாரமே வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் சர்க்கரை பாருங்கள். மூன்று மாதச் சராசரிப் பரிசோதனையும் செய்தால் நல்லது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். அவர்கள் வரும்போது ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிடாதீர்கள்.

மெடிக்கலில் வாங்கிய மாத்திரை சீழை அடக்கியது, நோயை அல்ல. ஈறுக்கடியில் காரை, அதாவது கல்லாக இறுகிய அழுக்கு, இருக்கும்வரை வீக்கம் திரும்ப வரும். மூன்றாம் முறையும் அதே மாத்திரையைக் கேட்டு நிற்காதீர்கள். வீக்கம் தாடைக்கோ கழுத்துக்கோ பரவினால், காய்ச்சலோடு விழுங்கச் சிரமமானால், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காரையைப் பல் மருத்துவர்தான் சுரண்டி எடுக்க முடியும். ‘க்ளீன் பண்ணினால் பல் ஆடும்’ என்று யாராவது தடுப்பார்கள். பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. இடையில் காரை முட்டுக் கொடுத்திருப்பதால் தெரிவதில்லை, அவ்வளவுதான். அதை எடுத்து, ஈறின் வீக்கமும் வற்றியதும் சில நாள் இடைவெளி தெரியும், கூசும். பயப்பட வேண்டாம்.

இனி பிரஷ். கடையில் அட்டையில் ‘சாஃப்ட்’ என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். தலை சிறிதாக, கடைவாய்ப் பல்லின் பின்பக்கம் வரை போகிற அளவில் இருக்கட்டும். வளைந்த கைப்பிடி, கலர் கலரான நார், நாக்கு வழிக்கும் முதுகு எல்லாம் விற்பனைக்கான அலங்காரம். பேட்டரி பிரஷ்ஷும் உங்களுக்குக் கட்டாயமில்லை. கை நடுங்கும் பெரியவர்களுக்கு உதவும்.

ஹார்டு பிரஷ்ஷும் கரித்தூளும் அழுக்கைவிட வேகமாகப் பல்லைத்தான் தேய்க்கும். ஈறு பல்லை விட்டு விலகி, பல்லின் கழுத்தில் நகம் மாட்டும்படி பள்ளம் விழும். அந்தப் பிரஷ்ஷைக் குளியலறைத் தரை தேய்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

ரத்தம் வரும் இடத்தை விட்டுவிட்டுத் தேய்க்கிறீர்களே, அதுதான் பெரிய தப்பு. அங்கே அழுக்கு படிந்திருப்பதால்தான் ரத்தமே வருகிறது. பிரஷ்ஷைப் பேனா பிடிப்பதுபோல் விரல் நுனியில் பிடித்து, நாரை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்த்து வைத்து, இருந்த இடத்திலேயே லேசாக அசையுங்கள். பிறகு அடுத்த இரண்டு பல். காலையும் படுக்கும் முன்பும் இரண்டிரண்டு நிமிடம், ஃபுளோரைடு பேஸ்ட்டோடு. முதல் சில நாள் ரத்தம் வரும், விடாதீர்கள். இரண்டு வாரத்தில் குறையத் தொடங்கும். மூன்று மாதத்துக்கு ஒரு பிரஷ். ஒரே மாதத்தில் நார் விரிந்து பூத்துவிட்டால், கை இன்னும் அழுத்துகிறது என்று அர்த்தம்.

பல்லிடுக்கில் மீன் முள் சிக்கினால் தாலிக்கொடி ஊக்கை எடுக்கும் பழக்கம் இந்தக் கரையோரத்தில் நிறையப் பேருக்கு உண்டு. வேண்டாம். இடைவெளி விழுந்த பல்லுக்கென்று மெல்லிய இடுக்கு பிரஷ் கிடைக்கிறது. உங்கள் இடைவெளிக்கு எந்த அளவு என்று பல் மருத்துவரே காட்டுவார்.

உப்புத் தண்ணீர் காரணமில்லை. அம்மாவுக்கு விழுந்ததால் உங்களுக்கும் விழுந்தே தீரும் என்பதும் இல்லை. குடும்பத்தில் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும், அவ்வளவே. அவர் வெற்றிலையோடு புகையிலை போட்டவரா, சர்க்கரை பார்த்தவரா என்று நீங்கள் எழுதவில்லை.

மகனின் கோடுகள் அனேகமாக ஃபுளோரைடு கறை. நம் மாவட்டத்தில் சில ஊர்களின் ஆழ்குழாய்த் தண்ணீரில் அது அதிகம், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பல் உருவாகும் சின்ன வயதிலேயே பதிந்துவிடுவதால் எந்த பிரஷ்ஷும் அதை எடுக்காது. அழகுக்காக வேண்டுமானால் பல் மருத்துவர் மறைத்துத் தருவார், அவசரம் இல்லை.

அவசரம் உங்களுக்குத்தான். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் பிரிவுக்கோ, பக்கத்துப் பல் மருத்துவரிடமோ போங்கள். சர்க்கரை ரிப்போர்ட்டோடு அந்த மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள். என்ன போட்டீர்கள் என்று கேட்பார்கள்.