பாரமே ஏறாத தண்டவாளத்துக்குள் தகைவு, அதாவது அடைபட்ட இழுப்பும் அமுக்கமும், இருக்கிறது என்கிறார்களே, அதை எப்படி அளக்கிறார்கள்?

அறுத்துத்தான்! உருட்டாலையில் இன்றைக்கும் அந்த வேலையைச் செய்வது ரம்பம்தான். தகைவை நேரடியாக அளக்க முடியாது, திரிபைத்தான், அதாவது நீளம் எவ்வளவு மாறியது என்பதைத்தான், அளக்கலாம். உள்ளே அடைபட்டுக் கிடப்பதை விடுவித்தால்தானே அது அசையும்?

முதலில் அது எப்படி உள்ளே போனது என்று பாருங்கள். சூடாக உருண்டு வரும் தண்டவாளத்தில் தலை தடிமன், அடிப்பாகம் மெல்லிசு. இரண்டும் ஒரே வேகத்தில் ஆறாது, அதனால் வளைந்துபோகும். அதை உருளைகளுக்கு நடுவே மேலும் கீழும் வளைத்து நிமிர்த்துவார்கள். வெளியே நேராகிவிடும், ஆனால் தலையும் அடியும் இழுவையிலும் அவற்றை இணைக்கும் நடுத்தண்டு அமுக்கத்திலும் மாட்டிக்கொள்ளும்.

ஐரோப்பியத் தரமான ஈஎன் 13674-1 சொல்வது இது: ஒரு மீட்டர் துண்டை எடுத்து, அடிப்பாகத்தின் கீழ்ப்பக்கம் நட்டநடுவில் ஸ்ட்ரெயின் கேஜ் (திரிபை அளக்கும் சின்ன மின்பட்டை) ஒட்டி, அதன் இரண்டு பக்கமும் அறுத்து 20 மி.மீ. தடிமனில் ஒரு வில்லையைப் பிரித்தெடுக்க வேண்டும். வில்லை 1,000 மைக்ரோஸ்ட்ரெயின், அதாவது நீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, சுருங்கினால், எஃகின் விறைப்பு எண்ணான 207 கிகாபாஸ்கலால் பெருக்க, அங்கே 207 மெகாபாஸ்கல் இழுவை இருந்திருக்கிறது. 250க்குள் இருந்தால் பாஸ். பற்றவைத்த நீளத் தண்டவாளம் ஒரு டிகிரி குளிர்ந்தால் ஏறும் இழுவை சுமார் 2.4தான், ஆக இந்த 250 என்பது சுமார் 100 டிகிரி குளிர்வதற்குச் சமம்!

சொல்ல எளிது. நான் முதல்தடவை செய்தபோது கேஜின் மேல்பூச்சைச் சரியாகப் போடவில்லை, ரம்பத்தின் கூலன்ட் உள்ளே இறங்கி, வில்லை மேசைக்கு வந்த பிறகும் எண் நகர்ந்துகொண்டே இருந்தது. அந்தத் துண்டு வீண், ஒட்டிய அரைநாளும் வீண்.

கண்ணாலேயே பார்க்க ஆசையா? நடுத்தண்டை முனையிலிருந்து நீளவாக்கில் அறுத்தால் போதும், தலை மேலேயும் அடி கீழேயும் விலகி முனை வாய் பிளக்கும்.

அறுக்காமல் முடியாதா என்றால், முடியும். சாதாரண எக்ஸ்ரே மேல்தோலோடு நின்றுவிடும். நியூட்ரான் கற்றை சில சென்டிமீட்டர் உள்ளே போய் அணுத்தளங்களின் இடைவெளியையே அளக்கும், ஆனால் அதற்குப் நியூட்ரான் ஆய்வு உலை இருக்கும் பிரான்சின் கிரெனோபிள் மாதிரி இடத்துக்குத்தான் போக வேண்டும். முழுத் தண்டவாளம் அதற்கும் தடிமன் என்று அங்கேயும் பல நேரம் வில்லையாக்கித்தான் வைக்கிறார்கள். மெல்லிய வில்லை ஆக்கியதுமே நீளவாக்குத் தகைவு, அதாவது நாம் தேடியதே, பெரும்பாலும் போய்விடும்.