பழைய காரின் எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்வதா, வேறு எஞ்சின் மாற்றுவதா?

ஓடிய கிலோமீட்டரை வைத்து முடிவெடுக்காதீர்கள். அடிச்சட்டம் துருப்பிடித்து அரித்திருந்தால் இரண்டுமே வீண் செலவு. அது திடமாக இருந்தால் முதலில் கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுங்கள்; ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் உருவாகிறது என்று அளப்பதுதான் அது. பெட்ரோல் எஞ்சினில், அளவு குறைந்த சிலிண்டருக்குள் ஸ்பார்க் பிளக் துளை வழியாகச் சிறிது ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங்கோ சிலிண்டர் சுவரோ தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்விலோ, சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டிலோ கசிவு. ஹெட்டை மட்டும் கழற்றிச் சரிசெய்தால் போதும். எஞ்சினையே மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் இந்த அளவுகளைக் கட்டாயம் கேளுங்கள்.

தேய்மானம்தான் என்றால், சிலிண்டரை போர் செய்து, அதாவது உட்புறத்தைக் கடைந்து அகலமாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் தேய்ந்திருந்தால், அதை கிரைண்ட் செய்து அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போடலாம். பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு உடைந்து, எஞ்சினின் உடலான பிளாக்கைத் துளைத்திருந்தால் மாற்றுவதே நல்லது.

பழைய எஞ்சின் வாங்குவதில் எனக்குத் தயக்கம் உண்டு. முன்பு அதற்கு ஒழுங்காக ஆயில் மாற்றினார்களா என்பது பெரும்பாலும் தெரியாது. வாங்கியே ஆக வேண்டுமென்றால் அதற்கும் கம்ப்ரெஷன் பாருங்கள். வண்டியில் ஏற்றும் முன்பே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ஆயில் சீல்களை மாற்றிவிடுங்கள். வெளியே இருக்கும்போது அது எளிய வேலை.