காஸ் மீற்றர் விழுங்கிய 20 பவுண்ஸ்

கேள்வி: லண்டனில் இரண்டு பிள்ளைகளோடு வாடகை வீட்டில் இருக்கிறேன். சின்னவனுக்கு மூன்று வயது. யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவிப்பணம்தான் வருமானம். காஸ், கரண்ட் இரண்டுக்கும் முன்கூட்டியே காசு போடுகிற மீற்றர். சமையலும் குளிப்பும் கரண்டில் என்பதால் கோடை முழுக்க காஸுக்குக் காசு போடவில்லை. இப்போது குளிருக்கு 20 பவுண்ஸ் டொப் அப் செய்தும் காஸ் வரவில்லை. மீற்றர் பழுதா? பேசாமல் ஒரு மின்சார ஹீற்றர் வாங்கிவிடலாமா?

பதில்: மீற்றர் பழுதாக இருக்காது. காஸ் எரித்தாலும் எரிக்காவிட்டாலும் ஸ்டாண்டிங் சார்ஜ் என்ற நாள் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். நாளுக்குச் சுமார் 30 பென்ஸ் என்றால் ஐந்து மாதத்தில் 45 பவுண்ஸ் அளவில் சேர்ந்துவிடும். உங்கள் 20 அந்தக் கடனுக்குள் போயிருக்கிறது. அடுத்த வருடம் கோடையிலும் கிழமைக்கு இரண்டு, மூன்று பவுண்ஸ் போட்டு வையுங்கள்.

மேலும் காசு போடுமுன் காஸ் கம்பனிக்குப் போன் எடுங்கள். சின்னப் பிள்ளை இருக்கிறது, வீட்டில் சூடு இல்லை என்பதை முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். நம் ஆட்கள் பலர் இதைச் சொல்லக் கூச்சப்பட்டுப் போர்வைக்குள் இருந்துவிடுகிறார்கள். கேட்டால் அந்தக் கடனைக் கிழமைக்குக் கொஞ்சமாகக் கழிக்கும்படி மாற்றலாம். உங்களால் எவ்வளவு கட்ட முடியும் என்று பார்த்தே தொகையை வைக்க வேண்டும் என்பது எரிசக்திக் கம்பனிகளைக் கண்காணிக்கும் ஒவ்ஜெம் அமைப்பின் விதி. அவசரத்துக்குக் கூடுதல் கிரெடிட்டும் கேளுங்கள், ஆனால் அது பிறகு கட்ட வேண்டிய காசு. சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை நிலையம், கவுன்சில், இலவச உணவு தரும் ஃபூட் பாங்க் வழியாகக் கிடைக்கிற எரிபொருள் வவுச்சரைத் திருப்பிக் கட்டத் தேவையில்லை. ஆங்கிலம் தயக்கமென்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.

குளிர்காலக் கரண்ட் செலவுக்கு 150 பவுண்ஸ் தரும் வோம் ஹோம் டிஸ்கவுண்ட் என்ற அரசுத் திட்டமும் இருக்கிறது. 2025 குளிர்காலத்திலிருந்து, வீடு சூடாக்க அதிகம் செலவாகும் வீடா என்ற நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். ஆனால் மின்சாரக் கணக்கு உங்கள் பெயரிலோ துணையின் பெயரிலோ இருக்க வேண்டும். வீட்டுக்காரர் பெயரில் இருந்தால் இப்போதே மாற்றப் பாருங்கள்.

ஹீற்றர் வேண்டாம். 2 கிலோவாட் ஹீற்றர் ஒரு மணித்தியாலத்தில் இரண்டு யூனிட், சுமார் 50 பென்ஸ் தின்னும். யூனிட்டுக்கு யூனிட் பார்த்தால் கரண்ட் விலை காஸைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு. கடையில் 20 பவுண்ஸுக்குக் கிடைக்கிறதே என்று வாங்கினால் மாலை நேரம் மட்டும் போட்டாலே பத்து நாளில் அதன் விலையைக் கரண்டுக்குக் கட்டியிருப்பீர்கள். பிள்ளைகள் படுத்த பிறகு உங்களுக்கு மட்டும் சூடு வேண்டுமென்றால் மின்சாரப் போர்வை போதும். 100 வாட் போர்வைக்கு மணிக்கு மூன்று பென்ஸ்கூட வராது. மூன்று வயதுப் பிள்ளைக்கு அதைப் போர்த்தாதீர்கள்.

கம்பனி இழுத்தடித்தால் முறைப்பாடாகப் பதியச் சொல்லி, திகதியைக் குறித்து வையுங்கள். எட்டுக் கிழமையில் தீராவிட்டால் எரிசக்தி முறைப்பாடுகளை விசாரிக்கும் எனர்ஜி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் இல்லை.