பழைய கம்ப்யூட்டர் கேபினட்டில் கீரை வளர்க்கலாமா?

கேள்வி: பழைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் கேபினட் ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது. தூக்கிப் போட மனசில்லை. அதில் கீரையோ புதினாவோ போடலாம் என்று ஆசை. சீக்கிரம் துருப்பிடித்துவிடுமா? எலக்ட்ரானிக் சாமான் இருந்த பெட்டியாயிற்றே, சாப்பிடுகிற செடியில் நச்சு ஏறாதா?

பதில்: தாராளமாகப் போடலாம். ஆனால் கேபினட்டுக்குள் நேரடியாக மண்ணைக் கொட்டாதீர்கள். மண் ஒரு க்ரோ பேக்கில் (செடி வளர்க்கும் பை) இருக்கட்டும், கேபினட் அதற்கு வெளிச்சட்டையாக மட்டும் இருக்கட்டும். உங்கள் இரண்டு பயத்துக்கும் பாதி மருந்து இதுவே.

முதலில் நச்சு. பழைய மதர்போர்டுகளில் பாகங்களைப் பற்றவைத்திருக்கும் சால்டரில் ஈயம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டுப்பாடு 2006 ஜூலையில் அமலுக்கு வந்தபோதுதான் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் ஈயமில்லாத சால்டருக்கு மாறினார்கள். எனவே போர்டு, வயர், ஃபேன், பட்டன் பேட்டரி என்று எதையும் மிச்சம் வைக்காமல் கழற்றிவிடுங்கள். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸை நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி அப்படியே முழுசாக வெளியே எடுக்க வேண்டும். ஆர்வத்தில் அதைத் திறந்து பார்க்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

மதர்போர்டைத் தாங்கி நின்ற குட்டிப் பித்தளைத் தூண்கள் தகட்டிலேயே நின்றுவிடும். பலரும் இவற்றைக் கவனிப்பதில்லை. பிளையரால் பிடித்துத் திருகினால் வந்துவிடும். விட்டுவைத்தால் பையின் அடியைக் குத்திக் கிழிக்கும். முன்பக்க பிளாஸ்டிக் முகப்பையும் எடுத்துவிடுவது என் விருப்பம். வெயிலில் அது நொறுங்கும். மஞ்சளடித்த பழைய பிளாஸ்டிக் என்றால் தீத்தடுப்புக்கான புரோமின் சேர்மங்கள் கலந்திருக்கவும் வாய்ப்புண்டு. உள்ளே படிந்திருக்கும் தூசியை ஊதாதீர்கள். மாஸ்க் போட்டுக்கொண்டு ஈரத்துணியால் துடைத்து, பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள்.

மிஞ்சுவது வெறும் இரும்புத் தகடு. பெரும்பாலும் 0.5 முதல் 0.8 மில்லிமீட்டர் தடிமனில், துத்தநாகப் பூச்சுடன் இருக்கும். இரும்புத் துரு செடியைக் கெடுக்காது. துத்தநாகம் மட்டும் கொஞ்சம் கவனிக்க வேண்டியது. செடிக்கு அது சிறிதளவு தேவைதான், ஆனால் புளிப்புத்தன்மையுள்ள மண் பூச்சைக் கரைத்து அளவை ஏற்றிவிடும். மண்ணும் தகடும் தொடாமல் பை தடுத்துவிடும்.

கேபினட்டை நிற்கவைப்பதா, படுக்கவைப்பதா? படுக்கவையுங்கள். நின்ற நிலையில் அகலம் 20 சென்டிமீட்டர்தான். ஈர மண்ணோடு ஒரு காற்றடித்தால் சாய்ந்துவிடும். மதர்போர்டு இருந்த பக்கம் கீழே வரும்படி கிடத்தி, மேல் மூடியைக் கழற்றிவிட்டால், நடுத்தர டவர் கேபினட்டில் ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் சதுரத்துக்கு இடம் கிடைக்கும். ஹார்டு டிஸ்க், சிடி டிரைவ் இருந்த கூண்டு குறுக்கே நிற்கும். அது ரிவெட் அடித்திருந்தால் 4 மில்லிமீட்டர் டிரில் பிட்டால் ரிவெட்டின் தலையைத் துளைத்தாலே கழன்றுவிடும். வெட்டிய, துளைத்த ஓரங்கள் பிளேடு மாதிரி இருக்கும். அரத்தால் தேய்த்து, நீளவாக்கில் கீறிய ரப்பர் டியூபை மேலே மாட்டிவிடுங்கள்.

துரு எங்கே ஆரம்பிக்கும் தெரியுமா? மதர்போர்டு உட்கார்ந்திருந்த தகட்டுக்கும் அதன் அடியில் இருக்கும் பக்க மூடிக்கும் நடுவே ஒரு சிறு சந்து உண்டு. மேல் தகட்டில் ஏற்கெனவே நிறைய ஓட்டை இருப்பதால் தண்ணீர் அதன் வழியாக இறங்கி மூடியில் தேங்கும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது, ஒருநாள் அடி விட்டுப்போகும். ஆகவே மூடியிலும் 8 முதல் 10 மில்லிமீட்டர் அளவில் பத்துப் பன்னிரண்டு துளைகள் போட்டு, கேபினட்டை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். துளை ஓரங்களில் துத்தநாகம் போயிருக்கும். அங்கே முதலில் மெட்டல் பிரைமர் அடிக்க வேண்டும். உட்புறம் பளபளவென்றிருக்கும் தகட்டில் சாதாரண எனாமலை நேரடியாக அடித்தால் துத்தநாகத்தோடு வினைபுரிந்து நாளடைவில் உரிந்து வரும். துத்தநாகத் தகட்டுக்கு உகந்தது என்று டப்பாவில் போட்டிருக்கும் பிரைமரைத் தேடி வாங்குங்கள்.

கறுப்பு கேபினட்டாக இருந்தால் வெயில் இன்னொரு தொந்தரவு. தகடு சூடேறினால் ஓரத்து வேர்கள்தான் முதலில் கருகும். வெளியே வெளிர் நிறம் அடியுங்கள், பைக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விடுங்கள், காலை வெயில் மட்டும் படும் இடமாகப் பாருங்கள். பழைய காற்றுத் துளைகளை அடைக்க வேண்டாம், அவை இப்போதும் சூட்டைத்தான் வெளியேற்றப் போகின்றன.

பையின் அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்பார்கள். நடப்பது நேர்மாறு. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள ஜல்லிக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது, மண்ணின் அடிப்பகுதி ஊறியே கிடக்கும். 15 சென்டிமீட்டர் ஆழமே இருக்கும் இடத்தில் ஜல்லிக்குப் பங்கு கொடுப்பது வீண். மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் கலந்து அடிவரை நிரப்புங்கள். இந்த இடத்துக்கு ஏறக்குறைய 30 லிட்டர் கலவை பிடிக்கும். நனைந்தால் 30 கிலோ அளவுக்கு வரும். வெறும் தோட்ட மண் என்றால் 50 கிலோவைத் தொடும். அதனால் வைக்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டு நிரப்புங்கள்.

இந்த ஆழத்துக்குக் கீரை, கொத்தமல்லி, புதினா எல்லாம் நன்றாக வரும். புதினாவை மட்டும் தனிப் பையில் வையுங்கள், இல்லாவிட்டால் மற்றதை நெருக்கிவிடும். தக்காளி, கத்தரிக்கு ஆழம் போதாது. எஸ்எம்பிஎஸ் இருந்த செவ்வக ஓட்டையை வீணாக்காதீர்கள்: அந்த இடத்தில் பையைச் சின்னதாகக் கீறி ஒரு டேபிள் ரோஸ் துண்டைச் செருகினால் வெளியே தொங்கிப் பூக்கும். பக்க மூடி கண்ணாடியாலான புது மாடல் என்றால் அதில் டிரில் போட முயலாதீர்கள். கடினப்படுத்திய கண்ணாடி, முழுசாகத் தூளாகிவிடும்.

கழற்றிய போர்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் குப்பைத்தொட்டியில் போடாமல் மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுங்கள். ஹார்டு டிஸ்க்கைக் கொடுப்பதற்கு முன் அதிலிருக்கும் படங்களையும் கணக்குகளையும் எடுத்துக்கொண்டு, முழுவதுமாக அழித்துவிடுங்கள்.